பெரட்டுக்களத்து இங்கிலீசும் பிள்ளைகளின் இங்கிலீசும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அச்சான ஒரு சின்னக் கைநூலுக்கு 'இங்கே வா' என்று பெயர். ஏ.எம். பெர்குசன் தொகுத்தது. கப்பலில் வந்திறங்கி மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை பழகத் தொடங்கும் சின்னத்துரைமாருக்கான தமிழ்ப் பாடநூல் அது. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய 'கூலி டமில்' என்ற நூலும் அதே தேவைக்காக வந்தது. ஆளைக் கூப்பிட வேண்டும், மலைக்கு அனுப்ப வேண்டும், வேலை பிசகினால் கண்டிக்க வேண்டும். ஒரு துரைக்கு அதற்கு மேல் தமிழ் தேவைப்படவில்லை.

ஆங்கிலமும் தோட்டத்து மக்களிடம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. விடிவதற்கு முன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் சம்பளத்துக்குரிய பேர் விழும், அல்லது அரைப் பேராகக் குறையும். டிவிசன், ஸ்டோரு, டீமேக்கர், கண்டக்டர் ஐயா என்று நாள் முழுக்க ஆங்கிலச் சொற்கள் காதில் விழுந்தன. அவற்றை வைத்துத் திருப்பிப் பேசும் உரிமை மட்டும் இல்லை.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை முதலில் சொல்லாமல் இருக்க முடியாது. 'எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீசு வராது' என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் சொல்கிறார்கள், ஆசிரியர் ஓய்வறையிலும் சொல்கிறார்கள். வராமல் போனதற்குக் காரணம் பிள்ளைகளின் மூளையில் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதட்டலாகக் கேட்ட ஒரு மொழி, பிறகு பரீட்சைத் தாளாக வந்து நின்றது. இரண்டு இடத்திலும் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. மலையகத்தில் ஆங்கிலத்தை உண்மையாகவே கைக்கொண்டவர்களைப் பார்த்தால், அநேகமாக எல்லாரும் தமக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குள் நுழைந்திருக்கிறார்கள். பாட்டு, கதை, ஆட்டம், ஊர்ப் பேச்சு என்று ஏதோ ஒன்று.

சட்டமும் நீண்ட காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரை தாய்மொழியில் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. அதில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. 1945இல் கல்வியமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில். எனவே இன்று ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் பலருக்கு, வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தைப் பார்த்துக் கொடுக்க ஆள் இல்லாததில் வியப்பில்லை.

அந்தச் சாத்திய கதவுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார் என்பதே பெரிய செய்தி. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் வட்டகொடைக்குப் பக்கத்தில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். தொழிலாளரை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் குடும்பம் என்பதால் ஹட்டன் மெதடிஸ்த பாடசாலையில், பின்னர் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஆன இடத்தில், படிக்க வாய்ப்புக் கிடைத்தது. அதன் பின் கொழும்பு நாலந்தா கல்லூரிக்குப் போனார். வசதி இருந்தது, உண்மைதான். ஆனால் அதே வசதியோடு அதே வகுப்பில் இருந்த எத்தனையோ பேர் ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலுப்பிள்ளைக்கு நாடகத்திலும் பாட்டிலும் பைத்தியம். 1934இல் ரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை அவர் கையில் கொடுத்தார். அப்போது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றுக்கு ஊற்று எது என்று பார்த்தால் மறுபடியும் தோட்டம்தான். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையை 1950களில் எழுதினார். அதைக் கவிஞர் சக்தி பாலையா தமிழாக்கினார். 1970இல் வந்த 'போர்ன் டு லேபர்' நூலில் லயத்து மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்தி வரைந்திருக்கிறார். மறுபக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பு அப்படி வந்ததுதான். தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்தெடுக்கும் பாட்டையும் காதால் அறிந்தவர் என்பதால்தான் அவருடைய ஆங்கிலத்துக்கு ஒரு நடை கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். இடையில் 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றத்துக்கும் போனார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அவருடைய மக்களின் வாக்குரிமைக்கு உலை வைத்தது. அந்த மக்களைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல அவரிடம் அப்போதும் ஆங்கிலம் இருந்தது. 1984இல் இறக்கும் வரை இரண்டு மொழியிலும் எழுதினார்.

அவரைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் படித்தால் தோட்டத்தை மறந்துவிட வேண்டும், நாட்டார் பாட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பாடநூலில் வரும் வாசகங்களும் அந்த நினைப்பை வளர்க்கின்றன. பிள்ளை பார்த்திராத வீடு, சாப்பிட்டிராத காலை உணவு, போயிராத கடற்கரை. இதையெல்லாம் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால் பிள்ளை மனப்பாடம் செய்துதான் எழுதும்.

இனி இன்றைய பிள்ளைகளிடம் வருவோம். அவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமே கிடையாது.

முதலில் கிரிக்கெட். 1996 மார்ச் 17, லாகூர். அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையை இலங்கை தூக்கிய அந்த இறுதியாட்டத்தில் வர்ணனையாளர் டோனி கிரேக்கின் குரலைக் கேட்ட தலைமுறை இன்று பெற்றோராகிவிட்டது. அந்தக் குரலைப் பாவனை செய்யாத பையன் அப்போது குறைவு. கொழுந்து ஏற்றும் லொறி திரும்பும் இடத்தில், மூன்று மலைக்குச்சிகளை ஊன்றி விளையாடிக்கொண்டே 'தட்ஸ் கோயிங் ஆல் தி வே' என்று கத்தியவர்கள் இப்போதும் அந்த ஏற்ற இறக்கத்தோடு அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மொழி ஆசிரியர்கள் பெரும்பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாக்கிய அழுத்தமும் இசையும் வர்ணனையில் இலவசமாக வருகின்றன. தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓர் ஓவருக்கு ஒருவர் வர்ணிக்க வேண்டும் என்று வகுப்பில் போட்டி வைத்துப் பாருங்கள். பின்வரிசையில் வாய் திறக்காத பையன்தான் முதலில் எழுந்து வருவான். அவன் கண்ணுக்கு முன்னால் பந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு யோசிக்க அவனுக்கு நேரமில்லை. நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டும் அந்த ஓட்டத்திலேயே பழகிவிடும்.

அந்த அணியில்தான் முத்தையா முரளிதரனும் இருந்தார். தேயிலைத் தோட்டத்து வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பேரன். அவர் பேட்டிகளில் ஆங்கிலம் வேகமாகக் கொட்டும். இலக்கணம் இடறினால் நின்று திருத்துவதில்லை, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிப்பார். எண்ணூறு டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் பேசும் ஆங்கிலம் அது. பிழை வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தப் பேட்டிகளைப் போட்டுக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, மலைக்கு வருகிற உலகம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைப் பருவம். நல்லதண்ணியில் கடை போடுகிற குடும்பங்களின் பிள்ளைகள் இரவு முழுக்க விழித்திருந்து தேநீர் ஆற்றிக்கொண்டே பல நாட்டு ஆங்கிலத்தையும் கேட்கிறார்கள். நானுஓயா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும் பயணிகளைக் காத்து நிற்கும் ஓட்டோக்காரத் தம்பிமாரிடம் பேசிப் பாருங்கள். வாடகை பேசுவது, நுவரெலியாவுக்கு எவ்வளவு நேரம் என்பது, மழை வருமா வராதா என்பது எல்லாம் தட்டுத்தடுமாறாமல் வரும். அவர்களில் பலர் ஓ.எல். ஆங்கிலத்தில் தோற்றவர்கள். கண்டியில் தொடங்கி ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை வழியாக ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பழைய தேயிலைப் பாதைகளை இணைத்துச் செய்தது. அதில் நடக்கும் வெளிநாட்டவர்கள் லயத்து வாசலைக் கடந்துதான் போகிறார்கள். பார்க்கிற பிள்ளைகள் 'ஹலோ' சொல்கிறார்கள், சிலர் இனிப்போ பேனாவோ கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கையேந்தும் ஆங்கிலம் வேண்டாம். அதே பிள்ளையால் அந்தப் பயணியிடம் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியும், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. புண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்துப் பிள்ளைக்கு, தன் தோட்டத்தின் பெயர் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் வரும் மலைக் கோட்டையின் பெயர் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அக்கரப்பத்தனையில் வேவர்லி இருக்கிறது, கிளாஸ்கோ இருக்கிறது. நானுஓயாவில் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் ஊர் நினைவில் வைத்த பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை உண்டு, அந்தக் கதையைத் தேடிப் படிப்பது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல பொழுதுபோக்கு. தேடும்போது ஆங்கிலம் தானாக வரும்.

தேயிலையே ஒரு பாடப்புத்தகம்தான். ஸ்டோரில் வேலை செய்யும் அப்பாவுக்கு வாட்டுவது முதல் சலிப்பது வரை ஒவ்வொரு கட்டத்தின் ஆங்கிலப் பெயரும் தெரியும். பி.ஓ.பி. எது, டஸ்ட் எது என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்வார். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இரண்டு இலையும் மொட்டும் என்றால் என்ன என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களைப் பேட்டி எடுத்துவந்து அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், எழுத விஷயம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் பேனாவைக் கடிக்காது. வீட்டில் இருக்கும் அறிவுக்கு மரியாதை கிடைப்பது அதற்குமேல் ஒரு லாபம்.

மாசி மாதக் காமன் கூத்தும் அப்படித்தான். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். கூத்தில் வேஷம் கட்டிய அண்ணனிடம் கதையைக் கேட்டு, அதை ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் சொல்லப் பழகிய ஒரு பிள்ளையை, நடைபாதையில் வரும் பயணி உட்கார்ந்து கேட்பார். மதன் எரிந்த கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவளுக்குப் பரீட்சையில் 'என் பள்ளிக்கூடம்' எழுதுவது பெரிய காரியமே இல்லை.

மூன்றாவது கைபேசி. இதைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கிற பயம் நியாயமானது. ஆனால் கொரோனா ஆண்டுகளில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறி நின்று பாடம் கேட்ட பிள்ளைகள் இவர்கள், கருவியை அவர்கள் கையிலிருந்து பிடுங்குவதால் நன்மையில்லை. அவர்கள் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறார்கள், மல்யுத்தம் பார்க்கிறார்கள், கொரியப் பாட்டுக் கேட்கிறார்கள், கேக் செய்யும் காணொளி பார்க்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு ஆங்கில எழுத்து வரிகளைப் போட்டுக்கொள்ளலாம். அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, இந்தித் திரைப்பாட்டுக்குக் கீழே அதே பாட்டின் வரிகளை இந்தியிலேயே ஓடவிட்டு, அரைகுறையாக எழுத்துக் கற்றவர்களையும் வாசிக்க வைத்தார். பாடும்போது கண் தானாக வரியைத் தொடர்கிறது என்பதுதான் அந்த முயற்சியின் அடிப்படை. ஆங்கிலத்துக்கும் அது பொருந்தும். ஆங்கிலக் காணொளி என்றால் மொழிபெயர்ப்பு வரியை அணைத்துவிட்டு, கேட்கிற மொழியிலேயே வரியைப் போடுங்கள். ஒரே காணொளியை இரண்டாம் முறை பார்க்கும்போது வாய் கூடவே அசையட்டும். சமையல் காணொளி பார்த்த அக்கா, ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்யும் முறையைத் தன் குரலில் ஆங்கிலத்தில் பதிவு செய்து தோழிக்கு அனுப்பட்டும். அதை ஊருக்கு வெளியிட வேண்டியதில்லை.

ஆசைப்பட்டதைப் படித்தால் மொழி வரும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல, சோதித்துப் பார்த்த விஷயம். 1980களின் தொடக்கத்தில் கல்வி ஆய்வாளர்களான வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் பீஜித் தீவுகளின் கிராமப் பாடசாலைகளுக்குப் போனார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புகளில் படம் நிறைந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டு கொட்டினார்கள், ஒரு வகுப்புக்கு 250 புத்தகம். பரீட்சை இல்லை, கேள்வி இல்லை. தினமும் இருபது முப்பது நிமிடம் பிடித்ததை வாசிப்பது, அல்லது ஆசிரியரோடு சேர்ந்து படிப்பது, அவ்வளவுதான். வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியது. இரண்டாம் ஆண்டில் வித்தியாசம் மற்றப் பாடங்களிலும் தெரிந்தது. பீஜியிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருந்தார்கள் என்பதை மலையகத்தார் கவனிக்க வேண்டும். 1990களின் நடுவில் எல்லி இதே முறையை இலங்கையின் வசதி குறைந்த சிறிய பாடசாலைகளிலும் செய்து பார்த்தார். இங்கும் பலன் கிடைத்தது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2009ஐ ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்தார்கள். நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்று ஓர் இயக்கம் நடந்தது, ஐதராபாத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் திரும்பி வந்தார்கள். அரசுக்கு வெளியே, மஸ்கெலியாவில் டீ லீஃப் விஷன் நிலையம் 2010 முதல் தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு வருட ஆங்கிலப் படிப்பு நடத்துகிறது. அங்கே படிக்கிறவர்களே பக்கத்துப் பாடசாலைகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்கள் பலரும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். ஆள் பலம் இருக்கிறது. பாடவேளையை மட்டும் பரீட்சை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளையைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க எந்த அதிபருக்கும் சுற்றறிக்கை தேவைப்படாது.

பேசத் தொடங்கும் பிள்ளையை ஏளனம் செய்யும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 'பெரிய துரை வந்திட்டாரு' என்று லயத்தில் ஒரு குரல் கேட்டால் போதும், அந்தப் பையன் ஒரு வருடத்துக்கு வாயைத் திறக்கமாட்டான். துரையின் மொழி என்ற பழைய பயம் இப்படிக் கேலியாக உருமாறி நம் வாயிலிருந்தே வருகிறது.

கடைசியாகப் பெண்பிள்ளைகள். மேலே சொன்ன கிரிக்கெட்டும் கைபேசியும் சிவனொளிபாதக் கடையும் பெரும்பாலும் பையன்களின் உலகம். வீட்டில் இருக்கிற ஒரு கைபேசி அண்ணனிடமோ தம்பியிடமோ இருக்கும். அம்மா மலையிலிருந்து வருவதற்குள் தண்ணீர் பிடித்து, விறகு எடுத்து, தம்பி தங்கையைப் பார்த்து முடிக்க வேண்டியவள் அக்கா. அவளுடைய பொழுதுபோக்கு எது என்று நாம் கேட்டதே இல்லை. அவளுக்கு ஓய்வு என்று ஒரு நேரம் இருக்குமானால் அது பாடசாலை விட்ட பின்னான ஒரு மணி நேரம், பாடசாலைக்குள்ளேயே. அந்த ஒரு மணிக்கு நூலக அறையைத் திறந்து வையுங்கள். அலுமாரியைப் பூட்டி, புத்தகம் கிழியாமல் காப்பாற்றிக் கணக்குக் காட்டுகிற வழக்கத்தை விட்டுவிட்டு, கதைப் புத்தகங்களைப் பாயில் பரப்பி வையுங்கள். பழைய பாடசாலைத் தொலைக்காட்சியில் வரிகளோடு ஒரு படம் ஓடட்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் ஆயாக்களிடம் பத்து ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் இருந்தால், தம்பியைக் கூட்டிப்போக வரும் அக்கா அவற்றை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். தம்பிக்குப் படம் பிடித்துப்போனால் அவன் மறுநாளும் அதையே கேட்பான், அவளும் மறுநாளும் அதையே உரக்க வாசித்தாக வேண்டும்.